ஸ்காட்லாந்தின் நீண்ட மைல்

மைல் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வரும் அளவு 1.609 கிலோமீட்டர். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவிலும் இலங்கையிலும் சாலையோரம் நடப்பட்ட மைல்கற்கள் அந்த அளவைப் பின்பற்றியவை என்பதால், கிலோமீட்டர் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்பும் மைல் என்றால் இதுதான் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது இங்கிலாந்தின் மைல். அதே தீவின் வடபகுதியில், ஒரு காலத்தில் தனி நாடாக இருந்த ஸ்காட்லாந்தில், இதே சொல்லால் வேறொரு தொலைவு சுட்டப்பட்டு வந்தது. அதன் அளவு ஏறத்தாழ 1.807 கிலோமீட்டர்.

இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 200 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மைல் நடப்பவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. பத்து மைல் நடப்பவரோ கூடுதலாக இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். ஸ்காட்லாந்தின் பழைய நிலப் பத்திரங்களையும் பயணக் குறிப்புகளையும் கவிதைகளையும் படிப்பவர், அவற்றில் வரும் மைல் எந்த மைல் என்று கேட்டுக்கொள்ளாவிட்டால், அந்த நாட்டின் தொலைவுகளையெல்லாம் ஒன்பதில் ஒரு பங்கு சுருக்கியே புரிந்துகொள்வார். ஒரே சொல் எப்படி இரண்டு நீளங்களைத் தாங்கியது என்பதை அடியிலிருந்து படிப்படியாகப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

சொல் வந்த வழி

ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்தைத் தவிர இரண்டு மொழிகள் வழங்கி வந்தன. மேட்டுநிலப் பகுதியில் பேசப்பட்ட கேலிக் மொழி ஐரிஷ் மொழிக்கு உறவானது. தாழ்நிலப் பகுதியில் பேசப்பட்ட ஸ்காட்ஸ் மொழி, இங்கிலாந்தின் வடகோடியில் வழங்கிய பழைய ஆங்கில வட்டார வழக்கிலிருந்து வளர்ந்து, பின்னர் தனக்கென இலக்கியமும் சட்டமும் அரசவையும் கொண்டிருந்த மொழி. நாம் பேசும் மைல் இந்தத் தாழ்நில மொழிக்கு உரியது. அந்த மொழியில் ஐந்து மைல் என்றால் ஐந்து மைல்தான். எண்ணுக்குப் பின் வரும் அளவுப் பெயருக்குப் பன்மை விகுதி சேர்ப்பதில்லை. தமிழருக்கு இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. நாமும் ஐந்து மைல்கள் என்று பேச்சில் சொல்வதில்லை.

சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. லத்தீனில் மில்லே என்றால் ஆயிரம். ரோமானியப் படைவீரர் நடக்கும்போது ஒரு கால் ஊன்றிய இடத்திலிருந்து அதே கால் மீண்டும் ஊன்றும் இடம் வரையிலான நீளத்தை, அதாவது நம் கணக்கில் இரண்டு எட்டுகளை, ஒரு பாஸ்ஸுஸ் என்று கொண்டனர். அது ஐந்து ரோமானிய அடி. அப்படிப்பட்ட ஆயிரம் சேர்ந்தது ஒரு மைல். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 1,480 மீட்டர். கேலிக் மொழியில் இந்த வேர் இன்றும் வெளிப்படையாகத் தெரிகிறது: மீலெ என்ற ஒரே சொல் ஆயிரத்தையும் குறிக்கிறது, மைலையும் குறிக்கிறது.

ஸ்காட்லாந்து மண்ணில் ரோமானிய மைல் கல்லிலேயே பொறிக்கப்பட்டது. கி.பி. 142 அளவில் ரோமானியர் ஃபோர்த் கழிமுகத்துக்கும் கிளைட் ஆற்றுக்கும் இடையே அன்டோனைன் சுவரைக் கட்டத் தொடங்கியபோது, ஒவ்வொரு படைப்பிரிவும் தான் கட்டி முடித்த நீளத்தைச் செதுக்கிக் கல்வெட்டு நட்டது. 1868இல் பிரிட்ஜ்னஸ் என்னும் இடத்தில் கிடைத்த கல், இரண்டாம் லீஜியன் 4,652 பாஸ்ஸுஸ் நீளம் கட்டியதாகச் சொல்கிறது. கிட்டத்தட்ட 6.9 கிலோமீட்டர். அந்தக் கல் இப்போது எடின்பரோவில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயினும் ஸ்காட்லாந்தின் பிற்கால மைல் இந்தக் கல்லிலிருந்து நேராக வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரோமானியர் விட்டுச்சென்றது சொல்லை மட்டுமே. அந்தச் சொல்லுக்குரிய நீளத்தைப் பின்னால் வந்தவர்கள் வேறு வழியில் உருவாக்கிக்கொண்டனர்.

கட்டைவிரலிலிருந்து கோல் வரை

இந்த மைலைப் புரிந்துகொள்ளத் தொடங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இது: ரோமானிய மைல் நடையை எண்ணிப் பிறந்தது, ஸ்காட்லாந்தின் மைலோ வயலை அளந்து பிறந்தது. வழிப்போக்கரின் கால் அதன் அடிப்படையன்று. நிலத்தை அளக்கும் கோலே அடிப்படை. அந்தக் கோல் எல் என்னும் அளவால் ஆனது. அந்த எல் அங்குலங்களால் ஆனது. அந்த அங்குலம் மனிதரின் கட்டைவிரலிலிருந்து எடுக்கப்பட்டது.

கட்டைவிரல் என்றால் யாருடைய கட்டைவிரல்? முதலாம் டேவிட் அரசரின் பெயரால் வழங்கும் பழைய அளவைச் சட்டம் இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. டேவிட் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவர். அவர் பெயரில் நமக்குக் கிடைக்கும் ஏடுகள் அவர் காலத்துக்குப் பிற்பட்டவை. பெரிய உடலுள்ளவர் ஒருவர், நடுத்தர உடலுள்ளவர் ஒருவர், சிறிய உடலுள்ளவர் ஒருவர் என மூவரின் கட்டைவிரல்களையும் நகத்தின் அடியில் அளந்து, அவற்றின் நடுவளவை அங்குலமாகக் கொள்ள வேண்டும் என்கிறது அச்சட்டம். சராசரி என்ற கணிதக் கருத்தை யாரும் பாடமாகப் படிக்காத காலத்தில், ஒருவரின் விரலை மட்டும் நம்பினால் வம்பு வரும் என்று சந்தையில் பட்டறிந்தவர்கள் கண்டுபிடித்த வழியாகவே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

இத்தகைய 37 அங்குலம் சேர்ந்தது ஓர் எல். எல் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் முன்கை. முழங்கை என்ற சொல்லில் நம்முடைய முழம் ஒளிந்திருப்பதைப் போலவே, முழங்கையைக் குறிக்கும் எல்போ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் எல் ஒளிந்திருக்கிறது. ஆனால் 37 அங்குலம் என்பது எந்த மனிதரின் முன்கைக்கும் பொருந்தாத நீளம்; நம் கணக்கில் இரண்டு முழத்துக்கும் சற்றுக் கூடுதல். துணி வணிகத்தில் புழங்கிப் புழங்கி இந்தச் சொல் நாட்டுக்கு நாடு தன் நீளத்தை மாற்றிக்கொண்டது. இங்கிலாந்தின் எல் 45 அங்குலம், ஃபிளாண்டர்ஸ் நாட்டு எல் 27 அங்குலம். ஸ்காட்லாந்தின் 37 இரண்டுக்கும் நடுவில் நின்றது.

எல் ஒரு காகிதக் கணக்காக மட்டும் இருக்கவில்லை. ஸ்காட்லாந்தில் நகரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவுக்குக் காவலாக இருந்தன: நீளத்துக்குரிய எல் எடின்பரோவின் பொறுப்பு; நீர்மப் பொருள்களை அளக்கும் குடுவை ஸ்டெர்லிங்கில்; எடைக்கல் லானார்க்கில்; தானியத்தை அளக்கும் மரக்கால் லின்லித்கோவில். சிற்றூர்ச் சந்தைகளில் மக்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென எல் அளவு பொது இடத்தில் வைக்கப்பட்டது. டன்கெல்ட் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு வீட்டின் முகப்பில் 1706ஆம் ஆண்டைச் சேர்ந்த இரும்பு எல் இன்றும் பொருத்தப்பட்டிருக்கிறது. ஃபெட்டர்கேர்ன் ஊரின் சந்தைத் தூணில் எல் அளவு வெட்டிக் காட்டப்பட்டிருக்கிறது. டோர்னக் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு கல் எல் உண்டு. அங்கேதான் முன்பு சந்தை கூடியது. அளவுகோலை எல்வாண்ட் என்று அழைத்த ஸ்காட்லாந்து மக்கள், வானத்தில் ஓரியன் விண்மீன் கூட்டத்தின் நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்கும் அரசனின் எல்வாண்ட் என்று பெயர் வைத்தனர் என்றால், அந்தக் கோல் அவர்கள் வாழ்க்கையில் எவ்வளவு கலந்திருந்தது என்பதை உணரலாம்.

துணிக்கு எல் போதும். நிலத்துக்கு அதைவிட நீளமான கோல் தேவைப்பட்டது. ஆறு எல் நீளமுள்ள அந்த அளவுக்கு ஃபால் என்று பெயர். பேச்சில் ஃபா என்று குறுகி ஒலிக்கும். இந்தப் பெயருக்கு ஜான் ஸ்கீன் என்ற சட்ட அறிஞர் 1597இல் ஒரு விளக்கம் தந்திருக்கிறார். பழைய சட்டச் சொற்களுக்குப் பொருள் கூறும் தம் நூலில், அளக்கும் கோலோ கயிறோ விழும்போது அதன் கீழ் நேராக அகப்படும் நிலமே ஃபால் என்கிறார் அவர். விழுதல் என்ற வினையே அளவின் பெயராகிவிட்டது என்பது இதன் கருத்து. வயலின் ஓரத்தில் ஒருவர் கோலைக் கிடத்தி, அதன் முனையில் அடையாளம் இட்டு, மறுபடி தூக்கிக் கிடத்தி முன்னேறும் காட்சி அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது. தொலைவைக் குறிக்கும் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மைல் என்பது எண்ணை மட்டும் சொல்கிறது, ஃபால் என்பது வேலையைக் காட்டுகிறது.

ஒரே ஏணி, வேறு வேறு படி

இனி மேலே ஏறுவது எளிது. ஓர் எல் 37 அங்குலம். ஆறு எல் ஒரு ஃபால், அதாவது பதினெட்டரை அடி. நான்கு ஃபால் ஒரு சங்கிலி, 74 அடி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு. எட்டுப் பர்லாங்கு ஒரு மைல். ஆக, ஒரு மைலுக்கு 320 ஃபால், அல்லது 1,920 எல், அல்லது 5,920 அடி.

இங்கிலாந்தின் மைலை அவிழ்த்துப் பார்த்தால் அதே ஏணி தெரிகிறது. அங்கும் எட்டுப் பர்லாங்கு ஒரு மைல், பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, நான்கு கோல் ஒரு சங்கிலி, ஆக மைலுக்கு 320 கோல். மாறுவது அந்தக் கோல் ஒன்றுதான். இங்கிலாந்தின் நில அளவைக் கோல் பதினாறரை அடி. அதை 320ஆல் பெருக்கினால் 5,280 அடி, அதாவது 1,760 கஜம் கிடைக்கிறது. அயர்லாந்திலோ கோல் 21 அடி. 320ஆல் பெருக்க 6,720 அடி, அதாவது 2,240 கஜம். பதினாறரை, பதினெட்டரை, இருபத்தொன்று என்ற இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மூன்று நாடுகளின் மைல்களையும் யாரும் தாமே வருவித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து மக்கள் சோம்பலால் மைலை நீட்டிவிட்டனர் என்றோ, அவர்களுக்குச் சரியாக அளக்கத் தெரியவில்லை என்றோ தெற்கே கேலி பேசியவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

ஐயாயிரம் அடியில் நின்றிருந்த மைல் ஏன் 5,280 அடி என்ற வசதியற்ற எண்ணுக்குப் போனது என்ற கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. பர்லாங்கு என்ற சொல்லின் பொருள் உழவுசாலின் நீளம். ஏரை ஒரே மூச்சில் ஓட்டிச்சென்று திருப்பும் தொலைவு அது. நிலத்தின் பரப்பும் வாடகையும் வரியும் அந்த அளவில் எழுதப்பட்டுவிட்டதால் அதை மாற்ற முடியாது. மாற்றினால் நாட்டிலுள்ள ஒவ்வொரு பத்திரமும் செல்லாததாகிவிடும். எனவே மைலைத்தான் பர்லாங்குக்கு ஏற்ப நீட்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்து இதை 1593இல், முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில், சட்டத்தில் எழுதியது. அந்தச் சட்டம்கூட அளவைகளைப் பற்றியதன்று. லண்டன் நகரைச் சுற்றி மூன்று மைலுக்குள் புதிய கட்டடங்கள் பெருகுவதைத் தடுக்க வந்த சட்டம். மூன்று மைல் என்றால் எவ்வளவு என்று யாராவது வழக்காடுவார்களே என்ற முன்யோசனையில் மைலின் அளவையும் அதில் சேர்த்துவிட்டனர்.

கூர்ந்து கணக்குப் பார்க்கும் வாசகருக்கு இந்த இடத்தில் ஓர் ஐயம் எழலாம். 5,920 அடியைக் கஜமாக்கினால் 1,973 கஜமும் ஓர் அடியும் வருகிறது. நூல்களிலோ ஸ்காட்லாந்து மைலுக்கு 1,976 கஜம் என்று எழுதியிருக்கிறது. இரண்டும் சரியே. ஸ்காட்லாந்தின் அங்குலம் இங்கிலாந்தின் அங்குலத்தைவிட மயிரிழை அளவு பெரியது. 19ஆம் நூற்றாண்டில் பழைய எல் அளவைப் புதிய பேரரசு அளவுகளோடு வைத்து ஒப்பிட்டபோது, அது 37 அங்குலமாக இல்லாமல் 37.06 அங்குலத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. அந்த மயிரிழை 1,920 முறை அடுக்கப்பட்டு மூன்று கஜமாகிவிட்டது. இந்த 1,976 கஜமும் எடின்பரோவின் எல் அளவைக் கொண்டு கணக்கிட்டதே. வட்டாரத்துக்கு வட்டாரம் மக்கள் வழக்கில் இருந்த மைல் இதிலிருந்து கூடியும் குறைந்தும் இருந்தது.

மூன்று முறை நீக்கப்பட்ட அளவு

இந்த மைலைச் சட்டம் ஒரு முறையன்று, மூன்று முறை நீக்கியது. முதலில் 1685இல் ஸ்காட்லாந்தின் சொந்த நாடாளுமன்றமே, ஒரு மைலுக்கு 1,760 கஜம் என்று, இங்கிலாந்தின் அளவை அப்படியே எடுத்துக்கொண்டது. அப்போது இரு நாடுகளுக்கும் ஒரே அரசர், ஆனால் நாடாளுமன்றங்கள் வேறு. அடுத்து 1707இல் இரு நாடுகளும் ஒன்றிணைந்தபோது, இணைப்பு உடன்படிக்கையின் 17ஆம் பிரிவு, இங்கிலாந்தில் வழங்கும் எடைகளும் அளவுகளுமே ஒன்றிணைந்த நாடு முழுவதும் வழங்க வேண்டும் என்று விதித்தது. இறுதியாக 1824ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் வந்து, 1826ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து பேரரசு அளவுகளை நடைமுறைப்படுத்தியது. ஒரு முறை நீக்கிய பொருளை மறுமுறை நீக்க வேண்டியிருக்கிறது என்றால், முதல் நீக்கம் தாளோடு நின்றுவிட்டது என்பதே பொருள்.

அது ஏன் தாளோடு நின்றது? பழைய அளவுகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருந்தன. ஸ்டெர்லிங் நகரம் காத்துவந்த அளவுக் குடுவையின் கதை இதைக் காட்டும். ஒன்றிணைப்பு நடந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்து, 1750களின் தொடக்கத்தில், அலெக்சாண்டர் பிரைஸ் என்ற போதகர் அந்தக் குடுவையைப் பார்க்கப் போனபோது அது காணாமற்போயிருந்தது. அவர் தேடித் தேடி, ஒரு கன்னாரின் பரணில் வேண்டாத பொருள்களுக்கிடையே கிடந்த அதைக் கண்டெடுத்தார். சட்டப்படி செத்துப்போன அளவுக்கு அவ்வளவு தேடல் எதற்கு என்றால், வட்டாரச் சந்தைகளில் இன்னமும் அந்த அளவில்தான் கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டிருந்தது.

நிலத்தின் அளவு இன்னும் நெடுங்காலம் நீடித்தது. ஸ்காட்லாந்தின் ஏக்கர், ஃபால் கோலைக் கொண்டு கணக்கிட்டது என்பதால், இங்கிலாந்தின் ஏக்கரைவிட ஏறக்குறைய கால் பங்கு பெரியது. குத்தகைப் பத்திரங்களிலும் பண்ணை வரைபடங்களிலும் அந்த ஏக்கர் 19ஆம் நூற்றாண்டுக்குள்ளும் புகுந்து வழங்கியது. குத்தகைக்காரரும் நிலவுடைமையாளரும் ஒப்பந்தம் செய்துகொண்ட அளவை மாற்றுவதில் இருவருக்கும் அச்சம் இருந்தது. யாருக்கு நட்டம் என்ற கேள்வி உடனே எழும். மைலுக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஸ்காட்லாந்தெங்கும் சுங்கச்சாவடிச் சாலைகள் போடப்பட்டு, அவற்றின் ஓரத்தில் சட்ட அளவிலான மைல்கற்கள் வரிசையாக நின்றபோது, வழிப்போக்கரின் கண்ணெதிரே ஒவ்வொரு மைலும் சுருங்கியது. எனவே ஏக்கர் தப்பிப் பிழைத்துக்கொண்டிருக்க, மைல் அதற்கு முன்பே சாலையிலிருந்து மறைந்தது. 1824இல் மூன்றாம் முறையாக நீக்கியபோது நீக்குவதற்கு அதிகம் மிச்சமில்லை. அளவை மாற்றியது சட்டமா கல்லா என்று கேட்டால், என் வாக்கு கல்லுக்கே.

பேச்சில் எஞ்சியது

சாலையிலிருந்து போன மைல் நாவிலிருந்து உடனே போய்விடவில்லை. ராபர்ட் பர்ன்ஸ் 1790இல் எழுதி 1791இல் வெளிவந்த ‘டாம் ஓ ஷான்டர்’ கவிதையின் தொடக்கத்தில், ஏர் நகரச் சந்தை நாளில் மதுக்கடையில் அமர்ந்திருப்பவர்கள், தங்களுக்கும் வீட்டுக்கும் நடுவே கிடக்கும் நீண்ட ஸ்காட்ஸ் மைல்களையும், சேற்று நிலங்களையும், ஓடைகளையும், சுவரில் உள்ள இடைவெளிகளையும், ஏறிக் கடக்கும் படிகளையும் மறந்துவிடுகிறார்கள். 1685இன் சட்டத்துக்கு நூறாண்டுகளுக்கும் பிற்பட்ட வரி இது. சுங்க அலுவலராகக் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றிய பர்ன்ஸுக்கு எந்த மைல் எவ்வளவு என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். அவர் அந்த அடைமொழியைப் போட்டதில் இரு பொருள்கள் ஒருங்கே நிற்கின்றன: அளவால் நீண்ட மைல், இருட்டிலும் மழையிலும் குடித்துவிட்டு வீடு திரும்புபவருக்கு நீண்டுகொண்டே போகும் மைல். கவிதையைப் படிப்போர் பலரும் இரண்டாவது பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். முதலாவது வெறும் அளவைச் செய்தி, அதுவும் உண்மை.

ஸ்காட்ஸ் மொழியில் மைலோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் பிட்டக். சிறு துண்டு என்று பொருள்படும் பிட் என்ற சொல்லோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்து உண்டானது இது. கொஞ்சூண்டு என்று நாம் சொல்வதைப் போன்றது. ஒரு மைலும் ஒரு பிட்டக்கும் என்பது அங்கே வழி கேட்பவருக்கு வழக்கமாகக் கிடைத்த விடை. அந்தப் பிட்டக் பல வேளைகளில் மைலைவிட நீளமாக இருக்கும் என்பதுதான் அதிலுள்ள வேடிக்கை. இதோ வந்துவிட்டது என்று சொல்லி நம்மை அரை மணி நேரம் நடக்க வைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

எண்ணில் அடங்காத தொலைவுச் சொற்கள் அந்த மொழியில் மேலும் சில உள்ளன. கூப்பிடு தூரம் என்று நாம் சொல்வதைப் போல, அங்கே கூவுதலையே தொலைவாகக் கொண்டு, எட்டாத இடத்தை நெடுங்கூவல் என்றனர். கேம்பல் குலத்தாரின் நிலமான லோக் ஆவ் ஏரிக்கரை நெடுங்கூவல் தொலைவில் இருக்கிறது என்ற பழமொழி, அங்கே எளிதில் எட்ட முடியாது என்பதைச் சொல்ல வழங்கியது. ஆங்கிலத்தில் இன்று பெரும் வேறுபாட்டைச் சுட்டப் பயன்படும் ‘எ ஃபார் க்ரை’ என்ற தொடர் இதிலிருந்து பரவியதே. கேட் என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் அதற்கு வாயில் என்று பொருள். பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஸ்காட்ஸுக்கு வந்த கேட் என்பதற்கோ சாலை, வழி, போகும் தொலைவு என்று பொருள். எடின்பரோவின் கௌகேட்டிலும் கேனன்கேட்டிலும் வாயிற்கதவைத் தேடும் சுற்றுலாப் பயணி ஏமாந்துபோவார். முன்னது மாடுகள் போன வழி, பின்னது மடத்துத் துறவியர் நடந்த வழி.

அந்தக் கேனன்கேட்டை உள்ளடக்கிய தெருவரிசைக்குத்தான் ராயல் மைல் என்று பெயர். எடின்பரோ கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சரிவாக இறங்கும் அந்த வழி ஆங்கில மைலைவிட நீளமானது. ஏறத்தாழ ஒரு ஸ்காட்லாந்து மைல். பழைய ஸ்காட்லாந்து மைல் இந்தத் தெருவில் உறைந்து நிற்கிறது என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்பது இனிமையாக இருக்கும். ஆனால் ராயல் மைல் என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அச்சில் தோன்றுகிறது. அப்போது பழைய மைல் சட்டத்திலிருந்து முற்றாக நீங்கி முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. பெயர் வைத்தவர்கள் ஏறக்குறைய ஒரு மைல் என்ற பொதுப் பொருளில் வைத்திருக்க வேண்டும். அளவு பொருந்திப்போனது தற்செயல் என்றே நான் கருதுகிறேன். தற்செயலாயினும் பயனுள்ள தற்செயல்: பழைய மைல் எவ்வளவு நீளம் என்று கால்களால் அறிய விரும்புபவருக்கு, கோட்டையில் தொடங்கி அரண்மனையில் முடியும் அந்த நடையைவிட எளிய வழி இல்லை.

பழைய ஆவணம் ஒன்றைப் படிக்க நேரும்போது செய்ய வேண்டியது இவ்வளவே. அது 1685க்கு முற்பட்ட ஸ்காட்லாந்து ஆவணமாக இருந்தால், மைல் என்பதைப் பழைய மைலாகவே கொள்ளலாம். 1826க்குப் பிற்பட்டதாக இருந்தால் ஆங்கில மைலாகக் கொள்ளலாம். இடைப்பட்ட நூற்று நாற்பது ஆண்டுகளில்தான் சிக்கல். அப்போது எழுதியவர் யார், ஸ்காட்லாந்துக்காரரா தெற்கிலிருந்து வந்தவரா, அவர் குறிப்பிடும் இரண்டு ஊர்களுக்கு நடுவே இன்றைய வரைபடத்தில் எவ்வளவு தொலைவு இருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மாற்றுவதற்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: எட்டு ஸ்காட்லாந்து மைல் ஒன்பது ஆங்கில மைலுக்குச் சமம், பிழை 32 கஜம் மட்டுமே. ஓர் ஊருக்கும் மற்றோர் ஊருக்கும் 16 பழைய மைல் என்று எழுதியிருந்தால் அது 18 ஆங்கில மைல், அதாவது ஏறக்குறைய 29 கிலோமீட்டர். எழுதியவர் அதோடு ஒரு பிட்டக்கையும் சேர்த்திருந்தால், அதற்கு வாய்ப்பாடு எதுவும் கிடையாது.